விலை குறைஞ்ச மாடல்ல எதைக் குறைச்சாங்க?

கம்ப்யூட்டர் உலகத்துல நடந்த தில்லாலங்கடி வேலைகள்லயே எனக்கு ஃபேவரிட் 1991ல இண்டெல் பண்ணது தான். அப்போ 486 தான் டாப் சிப்பு, தசமக் கணக்கு போடுறதுக்குன்னே ஒரு தனி யூனிட் அதுக்குள்ளேயே இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. பட்ஜெட் பார்ட்டிகளுக்கும் ஒண்ணு வேணுமேன்னு 486எஸ்எக்ஸ்னு ஒண்ணை இறக்கினாங்க. புதுசா டிசைன் பண்ணாங்கன்னு நினைச்சுக்காதீங்க, அதே சிப்பு தான், அந்தக் கணக்கு யூனிட்டை மட்டும் வேலை செய்யாம பண்ணி வித்தாங்க. சரி, பின்னாடி எனக்கு அந்த யூனிட் தேவைப்படுதுன்னா? அதுக்கு 487எஸ்எக்ஸ்னு இன்னொரு சிப்பு வாங்கி போர்டுல பக்கத்து சாக்கெட்ல சொருகணும். அது என்னடான்னு பார்த்தா முழு 486 தான், ஒரு பின் மட்டும் எக்ஸ்ட்ரா, அதைச் சொருகின உடனே ஏற்கனவே இருந்த சிப்பை ஓரமா உக்கார வச்சிட்டு மொத்த வேலையையும் இது எடுத்துக்கும். ஆக காசு குடுத்து ரெண்டு 486 வாங்கி ஒண்ணை ஓட்டுறோம்.

இதை இப்ப ஏன் இழுக்கிறேன்னா, கம்ப்யூட்டர் செய்யற எந்தக் கம்பெனியா இருந்தாலும் இந்தச் சிக்கல்ல மாட்டித்தான் ஆகணும். நிறைய பேருக்கு விக்கணும்னா விலை குறைஞ்ச மாடல் வேணும், லாபம் பார்க்கணும்னா விலை கூடின மாடல் வேணும். விலை குறைஞ்சது ரொம்ப நல்லா இருந்துட்டா பெரிய மாடலை எவன் வாங்குவான்னு பயம், ரொம்ப மட்டமா இருந்தா கம்பெனி பேரே கெட்டுடும். ரெண்டுக்கும் நடுவுல எப்படி நிக்கிறதுன்னு தான் முப்பது வருஷமா எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கிறாங்க. இதுக்கு உதாரணம் தேடி நாலு கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை, ஆப்பிள் ஒண்ணே போதும், தப்பான வழி எல்லாத்தையும் பண்ணிப் பார்த்ததும் அவங்க தான், சரியான வழி எல்லாத்தையும் கண்டுபிடிச்சதும் அவங்க தான், அப்புறம் மறுபடி தப்பு பண்ணதும் அவங்க தான்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். மலிவு மாடல்ல எதையாவது குறைச்சுத் தான் ஆகணும், அதுல ஒண்ணும் தப்பில்லை. சாதா தோசைக்கும் நெய் ரோஸ்ட்டுக்கும் மாவு ஒண்ணு தான், நெய்யும் முறுவலும் தான் வித்தியாசம், அதுக்குத் தான் காசு. சாதா கேட்டவனுக்கு வேணும்னே புளிச்ச மாவுல ஊத்திக் குடுத்து நெய் ரோஸ்ட் பக்கம் தள்ளி விட்டா அவன் அடுத்த வாட்டி எதிர்க் கடைக்குத் தான் போவான்.

1990 அக்டோபர்ல ஆப்பிள் முதல் தடவையா நிஜமாவே மலிவு லைன் ஒண்ணை இறக்கிச்சு. மேகிண்டாஷ் கிளாசிக், 999 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே மேக்குன்னு அப்போ அது பெரிய விஷயம், ஆனா உள்ள இருந்தது 1984ல வந்த முதல் மேக்ல இருந்த அதே 8 மெகாஹெர்ட்ஸ் 68000 சிப்பு. ஆறு வருஷப் பழசு. அது கூடப் பரவாயில்லை, பழசுன்னு தெரிஞ்சு தான் வாங்குறான். அதோட கூட வந்த எல்சி தான் எனக்கு இடிக்கும். கலர் மேக், சிப்பு 68020, 32 பிட் சிப்பு. ஆனா சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல போட்ட ரோடு 16 பிட் தான், பாதி அகலம். சிப்பு பாதி நேரம் டேட்டா வரட்டும்னு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கும். 1992ல எல்சி 2ன்னு விட்டாங்க, 68030 சிப்பு போட்டாங்க, பேப்பர்ல பார்த்தா அப்கிரேடு, ஆனா ரோடு அதே 16 பிட், அதனால வேகம் பெருசா ஒண்ணும் கூடலை.

இதைவிடக் கொடுமை ரேம். எல்சி 2 போர்டுலயே 4 எம்பி சால்டர் பண்ணி வரும், அது போக ரெண்டு ஸ்லாட். ரெண்டுலயும் நாலு நாலு எம்பி போட்டா எவ்வளவு? 12. ஆனா மெஷின் 10 தான் எடுத்துக்கும், மிச்சம் 2 எம்பி உள்ள சும்மா கிடக்கும். அப்போ ரேம் விக்கிற விலைக்கு 2 எம்பிங்கிறது சும்மா தூக்கிப் போடுற சமாச்சாரம் இல்லை. அந்த 10ங்கிற வரம்பு முதல் எல்சியில இருந்து வந்தது, அதுல 2 எம்பி தான் போர்டுல இருந்துச்சு, ரெண்டு ஸ்லாட்டும் சேர்ந்தா கணக்கு சரியா 10 வரும். அடுத்த மாடல்ல போர்டு மெமரியை ஏத்தினவங்க வரம்பை ஏத்தலை. மேல இருக்கிற மாடல் எதையும் இது தொட்டுடக் கூடாதுன்னு அவங்களுக்கு இருந்த பயத்தை வச்சுப் பார்த்தா அதுல ஆச்சரியமும் இல்லை.

அதே 1992ல பெர்ஃபார்மான்னு இன்னொரு லைன். வீட்டு உபயோகத்துக்குன்னு சொல்லி சியர்ஸ் மாதிரி டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள்ல வித்தாங்க. உள்ள பார்த்தா பெர்ஃபார்மா 200ங்கிறது கிளாசிக் 2, 400ங்கிறது எல்சி 2, பேர் மட்டும் வேற. போகப் போக என்ன ஆச்சுன்னா 6110, 6112, 6115, 6116, 6117, 6118ன்னு ஒரு வரிசை, எல்லாமே அடிப்படையில பவர் மேகிண்டாஷ் 6100 தான், ஹார்ட் டிஸ்க் சைஸும் கூடக் குடுக்கிற சாஃப்ட்வேரும் கடைக்குக் கடை மாறும், அதுக்கு ஒரு நம்பர். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விக்கிற செக்‌ஷன்ல நிக்கிற சேல்ஸ்மேன் கிட்ட 6115க்கும் 6117க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான் பாவம். 1996லயும் 97லயும் ஆப்பிள் கொட்டுன நஷ்டத்துக்கு இது ஒண்ணு தான் காரணம்னு சொல்ல மாட்டேன், விண்டோஸ் 95 வந்துச்சு, மேக் குளோன், அதாவது மேக் மாதிரியே ஓடுற மெஷினை, மத்த கம்பெனிங்க விக்க லைசென்ஸ் குடுத்து அவங்களே ஆப்பு வச்சுக்கிட்டாங்க, ஆனா எந்தப் பெட்டி யாருக்குன்னு கம்பெனிக்கே தெரியாத நிலைமையும் சேர்ந்து தான் 97ல மட்டும் சுமார் 100 கோடி டாலர் போச்சு.

ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்து நாலு கட்டம் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். குறுக்க ஒரு கோடு, நெடுக்க ஒரு கோடு, வீட்டுக்காரங்க - ப்ரோ ஆளுங்க, மேஜைக்கு - கைக்கு, நாலு கட்டத்துக்கு நாலு மெஷின், மிச்சத்தை எல்லாம் தூக்கு. மேனேஜ்மெண்ட் கிளாஸ்ல எல்லாம் இதை எளிமைக்கு உதாரணமா சொல்லிக் குடுக்கிறாங்க. எனக்கு அந்தக் கட்டத்தைவிட அதுல ஒரு கட்டத்துக்குள்ள என்ன வச்சாங்கங்கிறது தான் முக்கியமாப் படும். 1998ல வந்த ஐமேக், 1299 டாலர், 233 மெகாஹெர்ட்ஸ் ஜி3 சிப்பு. அதே நேரத்துல ப்ரோ ஆளுங்களுக்கு வித்த பவர் மேக் ஜி3யோட ஆரம்ப மாடல்லயும் அதே 233 மெகாஹெர்ட்ஸ் ஜி3 தான்! சிப்புல கை வைக்கலை. எதுல வச்சாங்க? கார்டு சொருகுற ஸ்லாட் கிடையாது, ஃப்ளாப்பி கிடையாது, ஸ்கிரீன் 15 இஞ்ச், அதையும் மாத்த முடியாது. வீட்டுல உக்காந்து நெட் பாக்குறவன், காலேஜ் பேப்பர் டைப் பண்றவன் எவனும் கார்டு ஸ்லாட்டைத் தேடப் போறதில்லை, வீடியோ எடிட் பண்றவனுக்கு ஸ்லாட் இல்லாம ஓடாது, அவன் தானா பெரிய பெட்டிக்குப் போயிடுவான், யாரும் தள்ளி விட வேண்டியதில்லை. (ஃப்ளாப்பியை எடுத்ததுக்கு அப்போ போட்ட சண்டை வேற கதை. கூட வந்த அந்த வட்ட மவுஸைப் பத்தி நான் வாயைத் திறக்கப் போறதில்லை.)

ரெண்டு லைனுக்கும் நடுவுல ஒண்ணை வைக்கலாமேன்னு ஆசை வந்தா என்ன ஆகும்கிறதையும் அவங்களே காட்டிட்டாங்க. 2000ல பவர் மேக் ஜி4 க்யூப், கண்ணாடி மாதிரி கேஸுக்குள்ள மிதக்குற மாதிரி ஒரு பெட்டி, பாக்க அவ்வளவு அழகு. 1799 டாலர், அதுக்கு ஸ்கிரீன் தனியா வாங்கணும். பக்கத்துலயே 1599க்கு ஸ்லாட் எல்லாம் இருக்கிற டவர் நிக்குது. ப்ரோ ஆளு டவரை எடுத்துட்டான், வீட்டுக்காரன் ஐமேக்கை எடுத்துட்டான், அடுத்த வருஷம் ஜூலையில க்யூப்பை நிறுத்திட்டாங்க. நடு ஆளுன்னு ஒருத்தன் இருப்பான்னு நினைச்சுக் கட்டம் போட்டா அவன் வந்து நிக்கணும்ல.

ஆப்பிள் பண்ணதுலயே புத்திசாலித்தனமான மலிவுன்னா நான் சொல்றது 2005 ஜனவரியில வந்த மேக் மினி. 499 டாலர். கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, மானிட்டர் இல்லை. பெட்டி மட்டும், ஆறரை இஞ்ச் சதுரம், ரெண்டு இஞ்ச் உயரம். விண்டோஸ் மெஷின்ல இருந்து மாறலாமான்னு யோசிக்கிறவன் வீட்டுல இதெல்லாம் ஏற்கனவே கிடக்குது, அவனுக்கு இன்னொரு தடவை அதை ஏன் விக்கணும்? மெஷின்ல இருந்து எதையும் பிடுங்காம பில்லுல இருந்து பிடுங்கினாங்க. உள்ள லேப்டாப் ஹார்ட் டிஸ்க், ஒரே ஒரு ரேம் ஸ்லாட், அதனால வேகம் கொஞ்சம் அடி வாங்கத் தான் செய்யும், ஆனா அது சின்னப் பெட்டியில அடங்கணும்கிறதுக்காக, யாரையும் கடுப்பேத்த இல்லை. இதுல ரேம் மாத்தணும்னா ஸ்க்ரூ எதுவும் வெளியில தெரியாது, பெயிண்டர் பட்டி வைக்கிற தகடு இருக்குல்ல, அதை அடியில இருக்கிற இடுக்குல விட்டு மெதுவா நெம்பணும், டக் டக்குன்னு கிளிப் ஒவ்வொண்ணா விடும், முதல் சத்தத்துல உசிரு போயிட்டு வரும். உலகம் பூரா மினி வச்சிருந்தவங்க பட்டித் தகட்டோட தான் சுத்துனாங்க.

சிப்புல கை வைக்கிறதுலயும் நேர்மையா ஒரு வழி இருக்கு. சிலிக்கான் தகட்டுல நூத்துக்கணக்குல சிப்பு அச்சடிக்கும்போது எல்லாமே பழுதில்லாம வராது, சிலதுல ஒரு கோர், அதாவது சிப்புக்குள்ள தனியா வேலை செய்யற ஒரு பகுதி, மட்டும் சொத்தையா இருக்கும். அதைக் குப்பையில போடாம அந்தக் கோரை மட்டும் மூடிட்டு விலை குறைச்சு விக்கிறது. 2020ல ஆப்பிள் தன்னோட சொந்த எம்1 சிப்பைப் போட்டு விட்ட மேக்புக் ஏர் லேப்டாப்ல ஆரம்ப மாடலுக்கு 7 கோர் கிராஃபிக்ஸ், மேல் மாடலுக்கு 8. எட்டுல ஒண்ணு கம்மி, சாதாரண ஆளு கண்டுபிடிக்கவே முடியாது, வீணாப் போற சிப்பு காசாச்சு, வாங்குறவனுக்கும் விலை குறைஞ்சுது. 486எஸ்எக்ஸும் கேட்க இதே மாதிரி தான் இருக்கும், ஆனா பின்னாடி முழுச் சிப்பையே இன்னொரு தடவை வித்தாங்க பாருங்க, அங்க தான் எனக்கு எரியும்.

மலிவு மாடல் நல்லா இருந்துட்டா பெரிய மாடல் படுத்துடும்னு சொல்றவங்களுக்கும் இண்டெல் கதையே தான் பதில். 1998ல செலரான்னு மலிவு சிப்பு ஒண்ணை எல்2 கேஷே இல்லாம விட்டாங்க (கேஷ்னா அடிக்கடி தேவைப்படுற டேட்டாவைச் சிப்பு பக்கத்துலயே வச்சுக்கிற சின்ன மெமரி), எல்லாரும் காறித் துப்பினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல செலரான் 300ஏ வந்துச்சு, 128 கேபி கேஷ், ஆனா சிப்பு ஓடுற அதே வேகத்துல ஓடும், பெண்டியம் 2ல 512 இருந்தாலும் பாதி வேகம் தான். பஸ் வேகத்தை, அதாவது சிப்பும் போர்டும் பேசிக்கிற வேகத்தை, 66 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 100க்கு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450ல ஓடுச்சு, பெரிய விலை குடுத்து பெண்டியம் வாங்கினவன் வயிறு எரிஞ்சான். இண்டெல் திவாலாகிடுச்சா? இல்லையே, செலரான்ங்கிற பேருக்கே அப்புறம் தான் மரியாதை வந்துச்சு.

எனக்குப் பிடிச்ச வழி கடைசியா வர்றது தான், இதுக்குப் புது டிசைனே தேவையில்லை. நேத்து வரைக்கும் பெரிய விலைக்கு வித்த நல்ல மெஷினையே விலை குறைச்சு இன்னும் ரெண்டு வருஷம் விக்கிறது. ஐபோன்ல இதைப் பழகிக்கிட்டாங்க, 2009ல 3ஜிஎஸ் வந்தப்போ பழைய 3ஜியை அமெரிக்காவுல காண்ட்ராக்டோட 99 டாலருக்கு வித்தாங்க. அதையே லேப்டாப்புக்கு எம்1 ஏர்ல பண்ணாங்க. 2020ல 999 டாலர், 2022ல எம்2 1199க்கு வந்தப்பவும் இது 999க்குக் கடையில நின்னுச்சு, 2024 மார்ச்ல எம்3 வந்ததும் ஆப்பிள் கடையில இருந்து எடுத்துட்டு வால்மார்ட்ல 699க்கு வைக்க விட்டாங்க. டூலிங் செலவு, அதாவது அச்சும் மெஷினும் தயார் பண்ற செலவு, எல்லாம் எப்பவோ வசூலாகியிருக்கும், பாடி அதே அலுமினியம், கீபோர்டு அதே கீபோர்டு, ஹிஞ்ச் அதே ஹிஞ்ச். நம்ம ஊர்லயும் தீபாவளி ஆஃபர்ல 60,000க்குக் கீழே அது போனப்போ அந்த விலைக்குப் புதுசா டிசைன் பண்ணின எந்த பிளாஸ்டிக் லேப்டாப்பும் பக்கத்துல நிக்க முடியலை.

பிளாஸ்டிக்னு சொன்னதும் ஞாபகம் வருது. சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி காலேஜுக்குன்னு வாங்கின பட்ஜெட் லேப்டாப், கம்பெனி பேரு வேண்டாம், ரெண்டாவது வருஷமே மூடியைத் திறந்தா ஓரத்துல பாடி வாயைப் பிளக்குது. கழட்டிப் பார்த்தா ஹிஞ்ச் இரும்பு தான், ஜம்முனு இருக்கு, ஆனா அது ஸ்க்ரூ போட்டு நிக்கிறது பிளாஸ்டிக்ல சூடு பண்ணிப் பதிச்ச குட்டிப் பித்தளை நட்டுகள் மேல. ஹிஞ்ச் இறுக இறுக அந்த நட்டு பிளாஸ்டிக்கைப் பிச்சுக்கிட்டு வந்துடும். சர்வீஸ் கடைக்காரர் அசரவே இல்லை, நட்டை மறுபடி அதே இடத்துல வச்சு ஆப்ப சோடாவைத் தூவி ஃபெவிக்விக்கை ஊத்தினார், புஸ்ஸுன்னு புகை வந்துச்சு, கல்லு மாதிரி ஆயிடுச்சு. தினமும் இதே கேஸு தான் வருதுன்னார். அந்த இடத்துல ஒரு சின்ன உலோகத் தகடு வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? பாக்ஸ் மேல எழுதுற லிஸ்ட்ல தகடுன்னு எழுத முடியாது, ரேம் எவ்வளவு, சிப்பு எதுன்னு தான் எழுதுவாங்க, அதனால கண்ணுக்குத் தெரியாத இடத்துல தான் கை வைக்கிறாங்க.

ஆப்பிளும் திருந்திடலை. எம்2 ஏர்ல 256 ஜிபி மாடலுக்கு ஸ்டோரேஜ் சிப்பு ஒண்ணே ஒண்ணு தான் போட்டாங்க, எம்1ல ரெண்டு இருந்துச்சு, அதனால டிஸ்க் படிக்கிற வேகம் பழைய மாடலைவிடக் கிட்டத்தட்ட பாதி. புது மாடல் பழசைவிட ஸ்லோ! 8 ஜிபி ரேமையே வருஷக் கணக்கா ஓட்டிட்டு 16 வேணும்னா 200 டாலர் எக்ஸ்ட்ரான்னாங்க, 2024 அக்டோபர்ல தான் அதே விலைக்கு 16 ஆக்கினாங்க. ஒட்டிப் போட்ட ரேமை வாங்கினவன் மாத்தவே முடியாது, அந்த மாதிரி இடத்துல கஞ்சத்தனம் பண்றது எல்சி 2 புத்தி தான்.

இதுக்கு நேர் எதிரா, பெரிய மாடல்ல எவ்வளவு வேணா கறக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. 2006ல கறுப்பு மேக்புக்னு ஒண்ணு, 1499 டாலர், அதே சிப்பு இருக்கிற வெள்ளை 1299. கறுப்புல 20 ஜிபி டிஸ்க் கூட இருந்துச்சு, வெள்ளையில அதைச் சேர்த்துக்கிட்டாலும் 150 டாலர் வித்தியாசம் நிக்கும், அதாவது கலருக்கு மட்டும் 150. திட்டாதவங்க இல்லை. எனக்கு அது பக்கா நியாயமாத் தான் தெரியுது, கறுப்பு வாங்கினவன் தெரிஞ்சு தான் குடுத்தான், வெள்ளை வாங்கினவனுக்கு ஒரு குறையும் இல்லை. 2019 மேக் ப்ரோவுக்குச் சக்கரம் 400 டாலர், அதோட சேர்த்து விட்ட மானிட்டருக்கு ஸ்டாண்டு 999 டாலர்! ஸ்டாண்டுக்கு ஆயிரம் டாலர் குடுக்கிற ஸ்டுடியோ இருந்தா குடுத்துட்டுப் போகட்டும், அந்தக் காசுல மினிக்கு விலையேத்தாம இருந்தா எனக்குப் போதும்.

ஆப்பிளை விட்டு வெளிய வந்தா, பழைய நல்லதையே மலிவா விக்கிற வழி நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது, கம்பெனிக்குத் தெரியாத மாதிரி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல போய்ப் பாருங்க, ஐடி கம்பெனிகள்ல லீஸ் முடிஞ்ச லெனோவோ திங்க்பேடும் டெல் லாட்டிட்யூடும் அடுக்கி வச்சிருப்பாங்க. திங்க்பேட் டி480, 2018 மாடல், புதுசுல சாதாரண ஆளு கிட்டப் போக முடியாத விலை. ரேமுக்கு ரெண்டு ஸ்லாட், உள்ள ஒரு பேட்டரி, வெளிய கழட்டி மாட்டுற மாதிரி இன்னொரு பேட்டரி, எந்த ஸ்க்ரூவை எப்படிக் கழட்டணும்னு லெனோவோவே மேனுவல் போட்டு நெட்ல வச்சிருக்கு. அதே லெனோவோவோட ஐடியாபேட் புதுசா வாங்குற காசைவிடக் கம்மிக்கு இது கிடைக்குது, கீபோர்டு தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆக லெனோவோவோட நல்ல மலிவு லைன் எதுன்னா அவங்களோட பழைய பிரீமியம் லைன் தான், ஆனா அதுல ஒரு பைசா கூட லெனோவோவுக்குப் போகலை, நடுவுல இருக்கிற கடைக்காரருக்குப் போகுது, வாங்குறவனுக்கும் வாரண்டின்னு கடைக்காரர் வாயால சொல்ற ஒரு மாசம் தான்.

நான் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினா அந்த லீஸ் மெஷின்களை நானே திருப்பி எடுத்து, பேட்டரியும் டிஸ்க்கும் புதுசு போட்டு, என் பேர்லயே ஒரு வருஷ வாரண்டியோட விப்பேன், அடிமட்ட மாடலைத் தனியா டிசைன் பண்றதையே விட்டுடுவேன். ஆப்பிள் அமெரிக்காவுல இந்த மாதிரி ரிஃபர்பிஷ்ட் கடையை ரொம்ப வருஷமா நடத்துது. இங்க எந்தக் கம்பெனியும் அதைப் பெருசா கையில எடுக்காம இருக்கிற வரைக்கும், காலேஜ் போற பசங்களுக்கு லேப்டாப் எதுன்னு என்கிட்ட யாராவது கேட்டா, கூடவே கூட்டிட்டுப் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டுல மூடியை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்து, பேட்டரி எத்தனை சைக்கிள் ஓடியிருக்குன்னு கேட்டு, சார்ஜர் ஒரிஜினலான்னு பார்த்து வாங்கிக் குடுத்துட்டு வருவேன்.